எடைமேடை எண் இரண்டு

ஸ்டேஞ்சருக்கு வடக்கே, ஆலையின் பின்வாசலில்
என் கூண்டு.
கரும்பு லாரி ஏறினால் தரை சற்றே முனகும்.
பிறகு திரையில் பச்சையாய் எண்கள்.

திரை என்றா சொன்னேன்?
பின்னால் ஒரு முழம் நீண்ட பெட்டி அது,
முன்னால் தொப்பை போட்ட கண்ணாடி.
இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் விழிக்கும்,
மூன்றாவது தட்டினால் கோபித்துக்கொள்ளும்.
அதன் உச்சிச் சூட்டில்தான் என் சாப்பாட்டு டப்பா.
நள்ளிரவிலும் பீன்ஸ் கறி ஆறியதில்லை.

இருபத்தாறு வருடம் ஒரே சொல்லை உமிழ்ந்து உமிழ்ந்து
கண்ணாடிக்குள்ளேயே வெந்துபோயிருக்கிறது அந்தச் சொல்:
காத்திருக்கவும்.
ஆங்கிலத்தில்தான், கொட்டை எழுத்தில்.

ஆலைக்குச் சக்கையை எரித்துச் சொந்த மின்சாரம்,
எடைக்கூண்டுக்கோ நகராட்சிக் கம்பி.
முறைவைத்து மின்சாரம் போகும் இரவுகளில்
டார்ச்சைத் திருப்பினால்
அணைந்த பெட்டியும் சொல்லும், காத்திருக்கவும் என்று.
லாரிகள் ரோடுவரை நிற்கும்.
வேறென்ன செய்ய, காத்திருப்போம்.

ஆகஸ்டில் டர்பன் ஆபீசிலிருந்து ரித்வான் வந்தான்,
கக்கத்தில் ஒரு தட்டைத்திரை.
"ஆன்ட்டி, இந்தப் பெட்டி இருக்கவேண்டியது மியூசியத்தில்."
நானுமா என்று கேட்டேன்.
மேசைக்கடியில் கம்பி தேடிக்கொண்டிருந்தான்,
காதில் விழவில்லை போல.

புதுத்திரையில் எல்லாம் இருந்தது.
வரைபடம், தேதி, வெயில் மழை,
மூலையில் எறும்பளவில் எடை.
பொய் சொல்லக்கூடாது,
அந்த வாரம் எனக்குத் தலைவலி வரவில்லை.

நான்காம் இரவு
தெம்பின்கோசி மேடையைவிட்டு லாரியை இறக்கவில்லை.
பின்னால் எட்டு ஹாரன்.
"எங்கள் எண் எங்கே?"
சீட்டை நீட்டினேன்.
"இது உங்கள் எண்" என்றார்.

அப்புறம்தான் காட்டினார்.
என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில்
பழைய பெட்டி எழுதுவதெல்லாம் தலைகீழாய் இல்லை,
இடம் வலம் மாறி, பச்சையாய் மிதக்குமாம்.
வண்டியில் உட்கார்ந்தபடியே வலமிருந்து படிப்பார்களாம்.
இரண்டு ஐந்தாகத் தெரியும், ஐந்து இரண்டாக,
அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்,
பூஜ்யமும் எட்டும் ஏமாற்றாது.
டன்னுக்குத்தானே கூலி.
புதிதாய் வேலைக்கு வருகிறவனுக்கு
பிரேக்குக்கு முன்னால் இதுதான் பாடமாம்.

எட்டு வருடம்.
என் தலையைச் சுற்றி எண்கள் எரிந்திருக்கின்றன,
நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டோம்.
மேலாளர் தவநேசன் படிவம் அனுப்பினார்.
படிவத்துக்கு ஒரு எண் வந்தது, அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை நானும் தெம்பின்கோசியும்
ஸ்டோர் ரூமிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்தோம்.
என்ன கனம்!
வழியில் மேடைமேல் இறக்கிவைத்து
"இதையும் நிறுத்துவிடலாம்" என்றார்.
புதுத்திரை மூலையில் 0.02 என்றது,
இந்த மேடைக்கு அதற்குக் கீழே கணக்குத் தெரியாது.
அவர் உள்ளே வந்து, மூக்கு இடிக்கக் குனிந்து படித்து,
போதும் என்பதுபோல் தலையாட்டினார்.

இடப்பக்கம், இரண்டு தட்டு.

இப்போது மேசையில் இரண்டும் இருக்கின்றன.
சீட்டு இதில், சாட்சி அதில்.
ரித்வானுக்கு இன்னும் தெரியாது.
தலைவலி திரும்ப வந்துவிட்டது, டப்பாவும் சுடுகிறது.

நேற்றிரவு அவர் லாரி ஏறியது.
52.52.
முதன்முறையாக நாற்காலியைத் திருப்பிக்
கண்ணாடியைப் பார்த்தேன்.
அங்கும் 52.52.
எங்கோ தப்பு என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்,
விரலால், காற்றில்.

வெளியே லாரிக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.
பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.